குறுக்கே வந்த மான்

மஞ்சள் ஹெல்மெட் இன்னும் வரவில்லை.

ஷோனா பைன் மரத்தில் சாய்ந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சைக்கிள் பந்தயப் பாதை அவள் காலடியில் சேறாக வழிந்து கீழே போய்க்கொண்டிருந்தது.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. கீழ் வளைவில் அவளைப் போலவே கொடியோடு காவல் நிற்கும் டூகி.

"ஏம்மா ஷோனா, உயிரோட இருக்கியா, மழையில கரைஞ்சிட்டியா? இன்னும் ரெண்டே பேருதான். உன் தம்பியும் ஃபின்லேயும்."

"அதுல யாரு முன்னாடி?"

"யாருக்குத் தெரியும்! இந்த ரேடியோல பாதி பேச்சு மழைக்கே போயிடுது."

சனிக்கிழமை நடக்கவேண்டிய தகுதிச் சுற்று மூடுபனியால் ரத்தாகியிருந்தது. அதனால் ஒவ்வொருவராக இறங்கும் வரிசையை இன்று காலை சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அதற்குள் ஷோனா மலையேறிவிட்டாள்.

"சேதி தெரியுமா? காலைப் பயிற்சியில ஃபின்லே பாறையில முட்டி, ஹெல்மெட் ரெண்டாப் பிளந்துடுச்சு" என்றான் டூகி. "யாரோ இரவல் குடுத்தாங்களாம். அவன் மண்டை சைஸுக்கு இன்னொண்ணு கிடைச்சதுதான் அதிசயம்."

வேறு நாளாக இருந்தால் ஷோனா சிரித்திருப்பாள். இன்று தம்பி ரூரி ஜெயித்தால் தேசிய அணியில் இடம். தோற்றால் நாளைக் காலை அப்பாவோடு சால்மன் மீன்பண்ணைப் படகில் வேலைக்கு ஏறவேண்டும். இதுதான் கடைசிப் பந்தயம் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

காலையில் அவன் டீயைக்கூடத் தொடவில்லை. "விழாம வந்துட்டாப் போதும் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

மஞ்சள் ஹெல்மெட் அவள் வாங்கிக் கொடுத்தது. அளவு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. பழைய கறுப்பு ஒன்று சரியாகப் பொருந்தும், இருந்தும் ரூரி அவளுக்காக இதையே உள்ளே பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்வான்.

மேலே விசில் கேட்டது. ஆள் வருகிறான்.

பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது கறுப்பு ஹெல்மெட். தலைமுதல் கால்வரை சேறு. முன்னால் கட்டிய எண் அட்டையும் ஒரு மண்கட்டிதான். வேர்கள் பின்னிக் கிடந்த சரிவை ஒரே தாவலில் தாண்டி, அவன் மறுபடி பனிக்குள் மறைந்தான்.

ஃபின்லே, என்று நினைத்தாள் ஷோனா.

சற்று நேரத்தில் கீழேயிருந்து பெரும் கூச்சல் எழுந்தது.

"யப்பா, என்னா இறக்கம்!" என்றான் டூகி. "சேத்துல ஆளு யாருன்னு தெரியல. ஆனா கீழ கத்துறதைப் பாத்தா முதல் இடம்தான்!"

இரண்டாவது விசில்.

மஞ்சள்! "வாடா, வாடா" என்று முணுமுணுத்தாள். வேர்ச்சரிவில் முன்சக்கரம் சேற்றில் புதைந்தது. அவன் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து, முகம் குப்புற விழுந்தான்.

உடனே எழுந்தான். சைக்கிளை இழுத்தான். ஏறப்போய் மறுபடி வழுக்கி விழுந்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பாதையில் ஏதாவது குறுக்கே கிடந்தால் மட்டும்தான் சிவப்புக் கொடி காட்டலாம். கொடி காட்டப்பட்டவனுக்கு அந்த இறக்கம் கணக்கில் வராது. மேலே போய்ப் புதிதாக இறங்கலாம்.

பாதையில் சேற்றைத் தவிர எதுவும் இல்லை. பார்க்கவும் யாரும் இல்லை.

ஷோனா பாதைக்குள் குதித்து, சிவப்புக் கொடியை உயர்த்தினாள்.

"நில்லு! நில்லுடா!"

அவன் புரியாமல் நின்றான். அவள் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"டூகி, சிவப்புக் கொடி காட்டிட்டேன். மான் குறுக்க வந்துடுச்சு. இவன் மறுபடி இறங்கணும்னு மேல சொல்லிடு."

"மானா? இந்த மழையிலயா?"

"மான்தான். பெரிய கொம்பு வச்சது."

"கொம்பு வேறயா! சரி, இரு."

வாக்கி டாக்கி நெடுநேரம் வெறுமனே இரைந்தது. ஷோனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒத்துக்கிட்டாங்கம்மா. வேன் வருது, ஏறி மேல போகச் சொல்லு."

அவள் சேற்றிலேயே உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்கக்கூடத் துணிவில்லை.

"யாரு கேட்டாலும் மான்னே சொல்லு. அப்பா கேட்டாலும் அதுதான்" என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. அந்தக் கறுப்பு ஹெல்மெட்டை மட்டும் எப்படியாவது முந்திடு."

அவன் மெதுவாக மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினான். முதலில் வெளியே வந்தது ஒரு சிவப்புத் தாடி.

"இது காலையில ரூரி எனக்குக் கழட்டிக் குடுத்தது, ஷோனா" என்றான் ஃபின்லே. "கறுப்புல போனது அவன்தான். அவனையா முந்தச் சொல்ற?"