பவுனுவின் காலிப் பை

பவுனுவின் பை அந்த ஞாயிறும் காலி.

தொடர்ந்து எட்டாவது வாரம். ஞானபாக்கியம் எண்ணிக்கொண்டுதான் வந்தாள். தேனியில் அவர்கள் திருச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருக்கும் தகர டிரம்மில் கொட்ட வேண்டும். இல்லாதவளும் கொட்டுவாள். பவுனு மட்டும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளையும் பெண்களையும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பது ஞானபாக்கியம்தான். மூணு மாசமாக ஒரே பாடம், பரிசுத்த ஆவியானவர் நடத்துகிறபடி நடப்பது. என்ன அழகாகச் சொல்வாள்! மனசுக்குள்ளே மெல்லப் பேசுவார், கேட்ட உடனே செய்துவிட வேண்டும், தம்பட்டம் அடிக்கக் கூடாது என்பாள். வால் முளைத்த பையன்கள்கூட வாயைப் பிளந்து கேட்பார்கள்.

அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் பவுனு, ஆண்டவருக்கு ஒரு கைப்பிடி அரிசி குடுக்க மனசு வரலையா? இத்தனை வாரமா இங்கன உக்காந்து என்னத்தைத்தான் கேட்ட?"

பவுனு புருஷனை இழந்தவள். ஜின்னிங் மில்லில் பஞ்சு பொறுக்கிப் பிழைக்கிறவள். "மன்னிச்சுக்கோங்க டீச்சரம்மா" என்றதோடு சரி.

அதுவும் அழுத்தமாகத்தான் பட்டது ஞானபாக்கியத்துக்கு. அடுத்த வாரமும் பை காலியாக வந்தால் பெண்கள் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடப் போவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். பவுனுவுக்கு நாதி என்று இருப்பது அந்தச் சங்கம் ஒன்றுதான். நாளைக்குப் படுத்துக்கொண்டால் வந்து பார்க்க, கண்ணை மூடினால் கொண்டுபோய் அடக்கம் பண்ண, அதை விட்டால் ஆள் கிடையாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை ஞானபாக்கியம் பார்க்கத்தான் செய்தாள். அழட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவர் சுந்தர்ராஜுக்குச் சோறு போட்டாள். அவருடைய பஞ்சுக் கடை மூடி மூணு மாசம். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. கஞ்சி போட்ட சேலையும் நிமிர்ந்த தலையுமாக அவள் கோயிலுக்குப் போய் வந்தாள். மற்ற நாளெல்லாம் கேப்பைக் கூழ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரிசிச் சோறு. கம்பத்துச் சிநேகிதர் ஒருவர் கொடுத்து விடுகிறார் என்று அவர் சொல்லியிருந்தார். முகம் தெரியாத அந்த மனிதருக்காக அவள் தினமும் நன்றியோடு ஜெபித்து வந்தாள்.

பரிமாறிக்கொண்டே பவுனுவைக் கண்டித்த கதையைச் சொன்னாள். சுந்தர்ராஜ் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"கம்பத்துல எனக்கு எந்தச் சிநேகிதனும் இல்ல, பாக்கியம். இது பவுனு குடுத்த அரிசி."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆட்டுக்குக் கழுநீர் எடுக்க அந்தம்மா நம்ம கொல்லைக்கு வருவாகல்ல? ஒரு வாரமா பானை காய்ஞ்சு கெடக்கவும், இந்த வீட்டுல அரிசி கழுவலைன்னு புரிஞ்சுக்கிட்டாக. அன்னையில இருந்து டிரம்முல போடுறதை எங்கிட்டக் குடுத்துட்டுப் போறாக. டீச்சரம்மா கூச்சப்படுவாக, அவுககிட்ட மட்டும் சொல்லிராதீகன்னு கையெடுத்துக் கும்பிட்டாக."

ஞானபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள். எட்டு ஞாயிறு வயிறு நிறைந்திருக்கிறது. நிறைத்தவளை அழவைத்து அனுப்பியிருக்கிறாள். வெட்கம் ஒரு பக்கம் இருக்க, அதற்கு மேலே நன்றிதான் பொங்கிக்கொண்டு வந்தது. பவுனு வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டியவள், வாசலில் நின்று திரும்பிக் கேட்டாள்.

"தனக்கே இல்லாதவ, எப்படிங்க மனசு வந்துச்சு அவளுக்கு?"

சுந்தர்ராஜ் சொன்னார்:

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எனக்கு என்னய்யா தெரியும், டீச்சரம்மா நடத்துன பாடத்தைக் கேட்டேன், செஞ்சேன்'னாக."