அமாவாசை மிளகுக்கு ஓர் அடிக்குறிப்பு

செம்மேட்டுச் சந்தையில் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. பலாப்பழக் குவியலுக்கும் மிளகுச் சாக்குக்கும் நடுவே பூங்குழலி தன் ஆய்வுக் கட்டுரையை மடியில் விரித்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். 'அமாவாசையில் நட்ட கொடியில்தான் மிளகுக்குக் காரம் ஏறும் என்பது கொல்லிமலையில் தொன்றுதொட்டு நிலவிவரும் நம்பிக்கை' என்று அவள் எழுதிய அழகான வரிக்குப் பக்கத்தில், 'யார் சொன்னது?' என்று பேராசிரியர் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். சொன்னவர் பேரை அடிக்குறிப்பில் போடாவிட்டால் கட்டுரை மறுபடியும் திரும்பி வந்துவிடும். "நீங்கதானுங்க மாமா சொன்னீங்க?" என்கிறாள். தராசுத் தட்டில் மிளகைக் கொட்டிக்கொண்டிருக்கும் சென்றாயன் நிமிராமலே, "நாஞ் சொன்னது நெசந்தான் கண்ணு. எனக்குச் சொன்னது உங்கத்தை" என்கிறார். பேனா மூடியைக் கடித்தபடி பூங்குழலி அந்தப் பக்கம் திரும்புகிறாள். பாப்பாயி அத்தை பலாச்சுளை பிரித்துக்கொண்டிருக்கிறாள். பால் பிசுபிசுவென்று விரல்களை ஒட்டவைக்கிறது. எண்ணெயைத் தொட்டுத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொல்கிறாள்: "நீதான் சாமி சொன்ன. பன்னெண்டாவது படிக்கறப்ப உன்னைக் கொடி நடக் கூப்புட்டோம். அமாவாசைக்கு நட்டாத்தான் காரம்னு சொல்லிப்போட்டு, பஸ் ஏறிப் படம் பாக்கப் போயிட்ட. படிச்ச புள்ள சொல்லுதேன்னு அதுலருந்து நாங்க அப்படித்தான் நடறோம்." மிளகு நெடியில் பூங்குழலிக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வருகிறது. பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நிற்கிறது. அத்தை ஒரு சுளையை அவள் கையில் வைக்கிறாள். "எழுது கண்ணு. இனிசியலோட எழுது. நம்ம எடப்புளி நாட்டுல பூங்குழலிக நெறையப் பேரு இருக்காங்க."