பார்த்தால் சாது

"வெறுங்கையோட அதுகிட்ட போயிடாதீங்க தம்பி. பார்க்கத்தான் சாது!"

லிஃப்ட் மெக்கானிக்கின் கால் அப்படியே நின்றுவிட்டது. முகக் கிரீம் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் கிடங்குக்குள் அவன் இன்னும் முழுதாக நுழையக்கூட இல்லை. காதலியின் அப்பாதான் அங்கே மேனேஜர். அவரை நேரில் பார்த்துப் பெண் கேட்க வந்திருந்தான். 'உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுங்க' என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். வாயைத் திறப்பதற்குள் மனிதர் மகளைப் பற்றியே ஆரம்பித்துவிட்டாரே!

"எது சார்... சாது?"

"அதோ, அதுதான்."

மேனேஜர் கைகாட்டிய மூலையில் நீல நிறப் பிளாஸ்டிக் கேன்கள் நின்றன. மேலே 'லாக்டிக் அமிலம்' என்று ஒட்டியிருந்தது.

"புளிச்ச தயிர்ல இருக்கிற அதே சமாச்சாரம்தான். கிரீம்ல துளி சேர்த்தா முகம் பளபளக்கும். ஆனா இது கெட்டி. கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து."

மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். வாசலில் காவலாளி "வேலைக்கா?" என்று கேட்டதும், பதற்றத்தில் தான் தலையை ஆட்டித் தொலைத்ததும் இப்போதுதான் ஞாபகம் வந்தன.

"சார், நான் வந்தது வேற..."

"முதல்ல இதை மாட்டுங்க."

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையில் வந்து விழுந்தன. மாட்டிக்கொண்டான். இருந்த குழப்பத்தில் இடது கையுறை வலது கைக்குப் போய்விட்டது.

"பாகு மாதிரி இருக்கும். மூடியைத் திறந்து போட்டா காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும். தண்ணியோட நல்லா சேரும். ஆனா அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியில விடணும். தண்ணியைத் தூக்கி அதுமேல கொட்டினா தெறிக்கும். புரியுதா?"

"புரியுது சார்."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவாரோ? சொல்லாவிட்டால் இன்றைக்கே கேனைத் தூக்கச் சொல்வாரோ? இன்றும் பேசாமல் திரும்பினால் என் முகத்திலேயே விழிக்காதே என்று அவள் வேறு சொல்லி அனுப்பியிருந்தாள். பாதியில் நின்ற லிஃப்டிலிருந்து எத்தனையோ பேரை மீட்டவன், தன்னை மீட்க ஆளில்லாமல் நின்றான்.

"சரி, மேல பட்டுடுச்சு. என்ன பண்ணுவீங்க?"

"சமையல் சோடாவைக் கொட்டி..."

"கெட்டுது குடி! பதிலுக்குப் பதில்னு எதையாவது கொட்டினா எரிச்சல்தான் ஏறும். தண்ணி மட்டும்தான். அடங்குற வரைக்கும் பொறுமையா ஊத்தணும்." மேனேஜர் பெருமூச்சு விட்டார். "அப்புறம், இரும்புப் பெட்டியில போட்டு அடைச்சு வெச்சுடலாம்னும் நினைக்காதீங்க. இரும்பையே அரிச்சுடும்."

"சரி சார்."

"முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. இவ்வளவையும் கேட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம ஓடிட்டாங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

பொய் சொல்ல வரவில்லை.

"பயமாத்தான் இருக்கு சார். ஆனா பழகிக்குவேன்."

"கண்ணுல தண்ணி வராம பார்த்துக்குவீங்களா?"

"கண்ணாடி போட்டிருக்கேனே சார்!"

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமலா சிரிப்பா என்றும் அவனுக்குத் தெரியவில்லை. இதற்குமேல் தாங்காது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான்.

"மன்னிச்சுடுங்க சார். நான் வேலை கேட்டு வரல. உங்க பொண்ணைக் கேட்டு வந்தேன்!"

மெல்லக் கண்ணைத் திறந்தான். மேனேஜர் அவன் கையைப் பிடித்து, மாறிப் போயிருந்த கையுறையை நிதானமாக உருவிக்கொண்டிருந்தார்.

"வேலைக்கு ஆள் போன மாசமே சேர்ந்தாச்சு. என் பொண்ணு காலையிலேயே உங்க போட்டோவைக் காட்டிட்டா. நான் இவ்வளவு நேரம் சொன்னதுல கேனைப் பத்தினது பாதிதான், மாப்பிள்ளை!"