ஒப்புக்கொண்டவன்

“அங்கிட்டுப் போய் உக்காரு. என் கண்ணுல படாத.”

மரிய அந்தோணி சொன்னதும் மருமகன் சந்தனராஜ் மறுபேச்சில்லாமல் எழுந்து ஆஸ்பத்திரி வராந்தாவின் மறுகோடிக்குப் போனான்.

கதவுக்குப் பின்னால் மகள் ஞானசெல்வியின் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

பத்து மாதம் தாண்டியும் வலி வரவில்லை. மயங்கி விழுந்தவளை ஆவூரிலிருந்து வண்டி கட்டிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். டாக்டரம்மா வயிற்றின் ஒரு பக்கம் விரலால் தட்டி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“ஒடனே தெறந்து பாக்கணும். உத்தரவாதம் சொல்ல மாட்டேன்” என்றவர் உள்ளே போய்விட்டார்.

மயக்க மருந்தின் தித்திப்பு வாசனை கதவிடுக்கில் கசிந்தது. மரிய அந்தோணிக்குக் கண் சொருகியது. கண்மாய்த் தண்ணீரில் மகள் மல்லாந்து மிதந்து போனாள். வயிறு மட்டும் நிலா மாதிரி மேலே தெரிந்தது.

“ஒண்ணும் இல்லப்பா. மாதா சத்தியமா ஒண்ணும் இல்லப்பா.”

அவர் விளக்குமாறு பிய்ய அடித்த அன்றைக்கும் இதைத்தான் சொன்னாள். கலியாணமாகாதவளுக்கு வயிறு மேடு தட்டினால் யார் நம்புவார்கள்? கோயில் முன்னால் சாமியாரை வைத்து ஊர் கூடி, “யாருடி அவன்?” என்று கேட்டது. அவள் அழுதாள். கூட்டத்திலிருந்து சந்தனராஜ் எழுந்தான்.

“நான்தான் சாமி.”

மூன்று ஞாயிறு, தண்டனையாகப் பூசை முடியும்வரை கோயில் வாசலில் மெழுகுவத்தியோடு முட்டிபோட்டான். அப்புறம் தாலி கட்டினான். ஊர் காறித் துப்பிவிட்டு மறந்துபோனது. மரிய அந்தோணி மறக்கவில்லை.

கதவு திறந்தது. விழித்துக்கொண்டார்.

“பொண்ணு பொழைச்சிட்டாய்யா” என்றார் டாக்டரம்மா.

“பிள்ளைங்கம்மா?”

“பிள்ளையே இல்லை. சினைப்பையில கட்டி. பறங்கிக்காய்த் தண்டி, உள்ள பூராத் தண்ணி. இம்மாம் பெரிசா வர்றது அபூர்வம். ரெண்டு வருசமாவது வளந்திருக்கும். பிள்ளைன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?”

வராந்தா நீண்டுகொண்டே போனது. மரிய அந்தோணி தூக்கத்தில் நடப்பவர்போல் நடந்து மறுகோடிக்கு வந்தார்.

“அப்ப நீங்க எதை ஒத்துக்கிட்டீங்க, மாப்ள?”

சந்தனராஜ் எழுந்து நின்றான்.

“அன்னைக்கு வரைக்கும் அதுகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல மாமா. தனியா நின்னு அழுதுச்சு. பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும்ல?”