பத்தொன்பது மணி நேரம்

"ஃப்ளைட்லயே பத்தொன்பது மணி நேரம்மா, நினைச்சா வந்துட முடியுமா?" என்று லிஃப்ட் மெக்கானிக் ஏழு வருஷமாக அம்மாவிடம் புளுகிக்கொண்டிருந்தான். உண்மையில் நாலு மணி நேரம்தான். அம்மா அதை நம்பி, கேட்டவர்களிடமெல்லாம் மகனுக்காகப் பரிந்து பேசினாள்.

அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று அக்கா போன் செய்த அன்று, மதியம் ஒரு மணி விமானத்தில் அடித்துப்பிடித்து ஏறினான். ஒரே ஒரு தடவை சாப்பாடு கொடுத்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சினிமா பார்த்து முடித்தார். தரையிறங்கியபோது கைக்கடிகாரத்தில் மணி ஐந்து. "சொன்ன நேரத்துக்கு இறக்கிட்டாங்க" என்றார் அவர்.

ஆனால் அவனுடைய கால் வீங்கி, ஷூவுக்குள் நுழைய மறுத்தது. முகத்தில் ஒரு நாள் தாடி. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான்; இருந்தும் வெளியே காலை வெயில் அடித்தது. விமான நிலைய வாசலில் நின்ற அக்காவின் கடிகாரத்தில் மறுநாள் காலை எட்டு.

"விடியும்போது போயிட்டாங்கடா. 'பத்தொன்பது மணி நேரம் ஆகும், அவனை அவசரப்படுத்தாதே'ன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க."

அக்கா அவன் பையை வாங்கிக்கொண்டாள்.

"நீ என்ன பண்ணுவே, அவ்வளவு தூரம்."

"ஆமாக்கா" என்றான்.