முதல் நாள் பட்டு

"ஏன்டி வின்னி, எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க? வைரம் எடுப்பா இருக்கோ?"

"அம்மா, கொஞ்சம் சுத்திப் பாருங்க. இந்தக் கூடத்துல பட்டு உடுத்தியிருக்கிறது நாம ரெண்டு பேர்தான்."

திருமதி ப்ளம்லி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

கீழே கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. ஆனால் உட்கார்ந்திருந்த சீமாட்டிகள் அத்தனை பேரும், மத்தியானம் நியூயார்க்கில் கப்பல் ஏறியபோது போட்டிருந்த அதே கம்பளி உடுப்பில் இருந்தார்கள்.

கப்பல் கிளம்பிய முதல் ராத்திரி யாரும் விருந்துடை போடுவதில்லை. பெட்டி பிரிக்காத நாள். வந்த கோலத்தில் சாப்பிடுவதுதான் நாகரிகம். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது. கடல் கடப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குத் தெரியும். பூட்ஸ் பாலிஷ் விற்றுப் புதிதாகக் காசு பார்த்த சின்சினாட்டி ப்ளம்லி குடும்பத்துக்கு யார் சொல்வார்கள்?

"பாலிஷ் டப்பாவை மேல கவுத்துக்கிட்டு வந்துட்டாங்க போலிருக்கே! என்னமா மின்னுது!" என்றாள் ஓரத்து மேஜையில் இருந்த திருமதி வான் ஆல்ஸ்டைன், ஊருக்கே கேட்கிற மாதிரி. அந்த மேஜை குலுங்கிச் சிரித்தது.

"திரும்பிப் போயிடலாம்மா."

"போனா இன்னும் சிரிப்பாங்க. தலையை நிமித்திக்கிட்டு வா."

தைரியமாகத்தான் சொன்னாள். படிக்கட்டுக் கைப்பிடியைத்தான் விடவில்லை. மானம் கப்பலேறும் என்பார்கள். இவளுக்குக் கப்பலேறிய பிறகு போனது.

சாதாரண நாளாக இருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். குதிரை வாங்க அமெரிக்கா வந்திருந்த ஜெரால்டு ஹார்க்ரேவ் மேல் வின்னி உயிரையே வைத்திருந்தாள். பாஸ்டனில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த அவனுடைய தாய் லேடி ஹார்க்ரேவ் இதே கப்பலில்தான் இங்கிலாந்து திரும்புகிறாள். "பெண்ணைக் கப்பலில் பார்த்துக்கொள்கிறேன். பிடித்தால்தான் கல்யாணம்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அவள் முகம்கூட இவர்களுக்குத் தெரியாது. இந்தக் கூடத்தில் எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாளோ?

அம்மாவும் மகளும் தங்கள் மேஜையில் உட்கார்ந்ததும், பக்கத்து மேஜையில் கறுப்பு உடுப்பில் இருந்த ஒரு பெண்மணி இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். சூப்பைப் பாதியில் விட்டுவிட்டு விருட்டென்று எழுந்து போய்விட்டாள்.

"பாத்தியா? நம்ம பக்கத்துல உக்காந்து சாப்பிடவே பிடிக்கலை அந்தம்மாவுக்கு" என்றாள் திருமதி ப்ளம்லி. கண் கலங்கிவிட்டது.

மீன் வந்தது. இருவரும் தொடவில்லை. பணிப்பெண் மாற்றி வைத்த கறியும் ஆறிக்கொண்டிருந்தது. அப்போது திடீரென்று கூடமே கப்சிப்பென்று ஆகிவிட்டது.

படிக்கட்டில் ஒரு பெண்மணி இறங்கி வந்துகொண்டிருந்தாள். தரையில் புரளும் ஊதாப் பட்டு. முழங்கை வரை வெள்ளைக் கையுறை. கழுத்தில் கோழி முட்டை அளவுக்குப் பச்சைக் கல் தொங்கும் மாலை.

"ஐயோ, அது ஹார்க்ரேவ் வீட்டு மரகதம்! படத்துல பாத்திருக்கேன். லேடி ஹார்க்ரேவேதான்!" என்று திருமதி வான் ஆல்ஸ்டைன் வாய்விட்டே கத்திவிட்டாள்.

வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே ப்ளம்லி மேஜைக்கு வந்தாள்.

"நான் இங்க உக்காரலாமா?"

அவ்வளவுதான். அடுத்த நிமிஷமே ஓரத்து மேஜையில் நாற்காலிகள் நகர்ந்தன. "தலைவலி", "சால்வையை மறந்துட்டேன்" என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு சீமாட்டிகள் ஒவ்வொருவராக அறைக்கு ஓடினார்கள். கறி முடிவதற்குள் திருமதி வான் ஆல்ஸ்டைன் கழுத்து நிறைய முத்தோடு திரும்பி வந்தாள். பெரிய மனுஷி என்றால் இவளல்லவா பெரிய மனுஷி! ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் ஒரு கூடத்தையே உடை மாற்ற வைத்துவிட்டாளே!

திருமதி ப்ளம்லிக்குத் தாங்கவில்லை.

"உண்மையைச் சொல்லிடறேம்மா. இந்த வழக்கமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வேண்டாம் வேண்டாம்னுதான் இவ சொன்னா. நான்தான் போட்டுக்கச் சொன்னேன். இவ மேல குத்தம் நினைக்காதீங்க."

"பொய்யி" என்றாள் வின்னி படபடவென்று. "நானும் ஆசைப்பட்டுத்தான் போட்டேன். எங்கம்மா மேல பழி போட்டு எனக்குக் கல்யாணம் ஆக வேண்டாம்."

வந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையுறையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"நாங்க கேக்காமலே எங்களுக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க. லேடி ஹார்க்ரேவ், இதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்று திருமதி ப்ளம்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்கம்மா! நான் அவங்க இல்லை. அவங்களுக்கு உடுப்பு எடுத்து வைக்கிற வேலைக்காரி, பார்லோ" என்று அவள் குனிந்து கிசுகிசுத்தாள். "புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பலை, எங்க எஜமானியம்மா கறுப்பைத் தவிர வேற உடுத்தக்கூடாது. அதான் சூப்பைப் பாதியில விட்டுட்டு மூச்சிரைக்க ஓடி வந்து, தன் கையாலயே எனக்கு இந்த மாலையைப் போட்டுவிட்டு, 'சீக்கிரம் போ பார்லோ, என் மருமக அங்க தனியா உக்காந்திருக்கா'ன்னு அனுப்பினாங்க."