கண்ணாடிக் குற்றியில் ஒரு கண்

மலையகத்து ஸ்பிரிங்வெளியில் காலையிலிருந்து மூடியிருந்த மேகம் இப்போதுதான் விலகுகிறது. பாடசாலை ஆய்வுகூடத்து ஜன்னல் வழியே பாயும் வெயில், வெள்ளைத்தாளின் மேல் செங்கல் வடிவில் கிடக்கும் கண்ணாடிக் குற்றிக்குள் முறிந்து இறங்கி, பின்பக்கத்து ரசப்பூச்சில் பட்டுத் திரும்பி, நேரே தயானியின் வலது கண்ணில் குத்துகிறது. குற்றிக்கு முன்னால் இரண்டு குண்டூசிகள் நிற்கின்றன. உள்ளே தெரியும் அவற்றின் விம்பங்களோடு ஒரே கோட்டில் வரும்படி அவள் மூன்றாவது ஊசியைக் குத்த வேண்டும். எப்போதும்போல இடது கண்ணை மூடி, கன்னம் மேசையில் படக் குனிந்திருக்கிறாள். வலது கண்ணில் நீர் வழிகிறது. “கூசினா மற்றக் கண்ணால பாருமன், பிள்ளை,” என்கிறார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரியர் பார்த்தீபன். அந்தக் கண்ணால் மட்டும் பார்க்கும்படி அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணைத் திறக்கிறாள். ஊசி பிடித்த கை அப்படியே நிற்கிறது. “யாரு ஜன்னல சாத்துனது? ஒன்னுமே தெரியல சேர்.” வகுப்பு சிரிக்கிறது. “ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பாத்தா என்னெண்டு தெரியும்?” என்று ஆசிரியரும் சிரிக்கிறார். பக்கத்தில் குனிந்திருக்கும் லோஜினி மட்டும் சிரிக்கவில்லை. குற்றியின் ரசப்பூச்சில், இரண்டு ஊசிகளுக்கும் நடுவே, தயானியின் இடது கண் தெரிகிறது. கருகருவென்று, இமை விரிய. வெயில் அதிலும் விழுகிறது; கூசவில்லை. லோஜினி அதன் முன்னால் விரலை ஆட்டுகிறாள். இமை அசையவில்லை.

“சேர்... இவ கண்ணு தொறந்துதான் இருக்கு சேர்.”